ஹீட்டரைச் சரிசெய்தது யார்?

திருட்டுப் போனால் துப்பறியலாம். ஆள் காணாமல் போனால் துப்பறியலாம். பழுதாகிக் கிடந்த ஒன்று யாரும் சொல்லாமல் கொள்ளாமல் சரியாகிவிட்டால்?

நாரின் ஊரின் ஒரே தனியார் துப்பறிவாளன் தாலாய்பெக், ஞாயிற்றுக்கிழமை காலை தன் காருக்குள் உட்கார்ந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். வெளியே மூக்குமுடி விறைக்கும் குளிர். உள்ளே கதகதவென்று காற்று வந்து முகத்தில் மோதியது. கண்ணாடிப் பனி தானாக உருகி வழிந்தது. வேறு யாராவது என்றால் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்திருப்பார்கள். இவனுக்கு வயிறு எரிந்தது.

காரணம் இருந்தது. ஹீட்டர் காற்றாடி செத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. முழங்காலில் கம்பளியும், கையில் பனி சுரண்டும் பலகையுமாக ஊரைச் சுற்றியவன் அவன். ஃபியூஸைப் பார்த்தான், நன்றாக இருந்தது. மோட்டாருக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்த்தான், வந்தது. டேஷ்போர்டின் அடியில் முஷ்டியால் ஒரு குத்துவிட்டால் மட்டும் காற்றாடி கிறீச்சென்று இரண்டு சுற்று சுற்றும், டக்டக்கென்று எதிலோ இடிக்கும், நின்றுவிடும். "உள்ளே மோட்டாருக்குக் கரண்ட் கடத்துற கார்பன் தேஞ்சுபோச்சு. பிஷ்கெக்லேருந்து புது மோட்டார் வரணும். பனி உருகட்டும், பாத்துக்கலாம்" என்று மனைவியிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கைகழுவியிருந்தான். நேற்று முழுக்க அவன் ஊரில் இல்லை. காணாமல் போன குதிரை விஷயமாக ஒருவர் தன் ஜீப்பில் அவனை அத்-பாஷிக்கு அழைத்துப் போயிருந்தார். கார் முற்றத்தில் நின்றது. இன்று காலை சாவியைத் திருகினால், நான்கு வேகத்திலும் காற்றாடி பூனைக்குட்டி மாதிரி உறுமுகிறது.

அவன் இல்லாத நேரத்தில் எவனோ வந்திருக்கிறான். அவனுடைய முற்றத்துக்கு, அவனுடைய வண்டிக்குள்.

உள்ளே போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ரொம்பச் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டான்.

"ஹீட்டர் வேலை செய்யுதே."

"செய்யட்டுமே. வேணாமா?" என்றாள் மனைவி பெர்மெத்.

அவள் தேநீர்க் கிண்ணத்தை அவன் முன்னால் வைத்தாள். விளிம்பு வரை நிரம்பித் தளும்பியது. நாரினில் பிரியமானவருக்கு இரண்டு வாய் அளவுதான் ஊற்றுவார்கள். குடிக்கக் குடிக்க மறுபடி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எழுந்து போனால் தேவலை என்று நினைக்கும் ஆளுக்குத்தான் கிண்ணம் நிறையும். பதினாறு வருடக் குடித்தனத்தில் அவனுக்குக் கிண்ணம் நிறைந்தது இதுதான் முதல் தடவை.

அவள் விரல்நுனிகள் கறுத்திருந்ததைக் கவனித்தான். அடுப்புக் கரி என்று விட்டுவிட்டான். வாசலருகே ஒரு பெரிய பை இருந்ததையும் கவனித்தான். திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள் வீட்டில் பை இருக்காதா என்று அதையும் விட்டுவிட்டான். இவனை நம்பித்தான் மனிதர்கள் குதிரையைத் தேடச் சொல்கிறார்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு உதவியாளர் ஜீபாருக்குப் போன் செய்தான்.

ஜீபார் வந்து சேர்ந்தபோது அவள் கட்டைமுடித் தலையில் இரண்டு தொப்பிகள் இருந்தன.

"ஞாயித்துக்கிழமையில கேஸாண்ணே? கிளையன்ட் யாரு?"

"பேரு சொல்லக்கூடாது. ஒருத்தர் வண்டில ஹீட்டர் கெட்டுப்போச்சு. அவர் ஊர்ல இல்லாதப்ப யாரோ வந்து சரிபண்ணியிருக்கான். யாருன்னு கண்டுபிடிக்கணும்."

"ஓ." ஜீபார் காரைச் சுற்றி வந்தாள். "கிளையன்டோட வண்டி அச்சு அசலா உங்க வண்டி மாதிரியே இருக்கு. கிளையன்டோட சம்சாரம்கூட பெர்மெத் அக்கா மாதிரியே ஜன்னல்ல நின்னு நம்மளையே பாக்குறாங்க."

"வாயை மூடிட்டு டார்ச்சைப் பிடி."

"பிடிக்கிறேன். ஆனா ஒண்ணு. கெடுத்தவனைத் தேடி அலையுற ஊர்ல, சரிபண்ணவனைத் தேடுற முதல் ஆள் உங்க கிளையன்ட்தான். ஆளு கொஞ்சம் ஒரு மாதிரியோ?"

தாலாய்பெக் காரின் இடப்பக்கத்துக்கு நடந்தான். அது ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த வண்டி. ஊர் வண்டிகளுக்கு மாறாக ஸ்டீயரிங் வலப்பக்கம், டேஷ்போர்டுப் பெட்டி இடப்பக்கம். இடப்பக்கக் கதவைத் திறந்ததும் முதல் தடயம் கண்ணில் குத்தியது. அந்த இருக்கை கடைசிவரை பின்னால் தள்ளப்பட்டிருந்தது.

"பாத்தியா? கால் நீளமானவன். நல்ல உசரம்."

"இல்ல, தலையைக் கீழ விட்டுக் குப்புறப் படுத்து வேலை செஞ்ச குள்ளமான ஆளு. டேஷ்போர்டுக்கு அடியில வேலை செய்யணும்னா நானும் அப்படித்தான் தள்ளுவேன்."

"உசரமானவன்தான்" என்றான் தாலாய்பெக். அவன் மனதில் ஏற்கெனவே ஓர் உயரமான ஆள் வந்து நின்றுவிட்டிருந்தான்.

டேஷ்போர்டுப் பெட்டியின் இரண்டு பக்கத்தையும் அமுக்கி இறக்கினான். அதற்குப் பின்னால் உருண்டையாக மோட்டார். ஒயர் சொருகியைப் பிடுங்கினான். மூன்று ஸ்குரூக்கள். இரண்டு வண்டியோடு வந்தவை, மேலே பிளஸ் வெட்டு. மூன்றாவது சிறியது, பளபளப்பானது, ஒற்றைக் கோடு வெட்டியது. கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். இது காரில் இருக்கவேண்டிய ஸ்குரூவே இல்லை.

"பழசு பனியில விழுந்து தொலைஞ்சிருக்கும்" என்றாள் ஜீபார். "அதுக்கு இது மாத்து. எங்கயோ பாத்த ஸ்குரூதான். எங்க?"

மோட்டார் காற்றாடியோடு கையில் வந்தது. தாலாய்பெக் விரலால் சுற்றிவிட்டான். சத்தமே இல்லை. அச்சில் எண்ணெய் விட்டிருந்தார்கள். முகர்ந்தான். இன்ஜின் ஆயிலின் நாற்றம் இல்லை. தண்ணீர் மாதிரி தெளிந்த, மெல்லிய எண்ணெய். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். தேய்ந்து குட்டையாகிப்போன பழைய கார்பன் இரண்டையும் எடுத்துவிட்டு, புதிய கார்பன் இரண்டைப் பொருத்தியிருந்தார்கள். அளவு சரியாக இல்லாததால் ஓரங்களைப் பொறுமையாக ராவி, இழைத்து, நகப்பூச்சு வைப்பவர்கள்போல் நேர்த்தியாக இறக்கியிருந்தார்கள். புது மோட்டாருக்குப் பனி உருகும்வரை காத்திருக்கச் சொன்ன அவனுக்கு முகம் சிவந்தது. வேலையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் பொறுக்கவில்லை.

"தையல் மிஷின் எண்ணெய்" என்றான் மெதுவாக. "தையல் மிஷின் ஸ்குரூ. இந்தக் கார்பனும் தையல் மிஷின் மோட்டார்ல போடுறது. ராவிப் போட்டிருக்கான்."

ஜீபார் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் இப்போது ஆள் இல்லை. உள்ளேயிருந்து ஒரு தையல் மிஷினின் மிதிச்சத்தம் கேட்டது.

"அண்ணே, ஒரு சின்ன சந்தேகம்..."

"சந்தேகமே இல்ல. ஒமுர்பெக்."

பஜாரில் தையல் மிஷின் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் ஒமுர்பெக். உயரமானவன். நன்றாகப் பாடுவான். பெர்மெத்தின் வீட்டுக்கு முதலில் பெண் கேட்டு வந்தது அவனுடைய ஆட்கள்தான். பெண்ணின் அப்பா சரி என்று சொல்லியிருந்தால் இன்று அவளுடைய இரண்டு வாய்த் தேநீரை ஒமுர்பெக்தான் குடித்துக்கொண்டிருப்பான். இதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். தாலாய்பெக் மட்டும் வருடாவருடம் புதுப்பித்துக்கொள்வான்.

மோட்டாரை மறுபடி மாட்டினான். ஜீபாரையும் ஏற்றிக்கொண்டான்.

பஜாருக்குப் போகும் வழியில் ஹீட்டரை அணைத்தான்.

"ஏண்ணே?"

"அவன் கை பட்ட காத்து எனக்கு வேணாம்."

"அதுசரி, உங்க மானத்துக்கு என் காதா பலி?" ஜீபார் நாலாம் வேகத்தில் திருகினாள். அவன் அணைத்தான். அவள் போட்டாள். பாலம் தாண்டுவதற்குள் இது பலமுறை நடந்தது. முடிவில் கண்ணாடி உள்பக்கமாகப் பனி பூத்து ரோடு மறைந்தபோது அவனே வெட்கத்தோடு போட்டுக்கொண்டான். கால்விரல்கள் இளகி வந்த சுகம் அவனுக்கு இன்னும் ஆத்திரமூட்டியது.

"ஒருவேளை அவர்தான்னு வெச்சுக்குவோம்" என்றாள் ஜீபார். "என்ன பண்ணப் போறீங்க? சரியா ரிப்பேர் பண்ணிட்டாருன்னு போலீஸ்ல புகார் குடுப்பீங்களா?"

"என் வீட்டுக்கு எதுக்கு வந்தேன்னு கேப்பேன்."

"குளுருதுன்னு வந்திருப்பாரு."

ஒமுர்பெக்கின் கடை ஒரு இரும்புக் கொட்டகை. உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்தது. தாலாய்பெக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தான். 

ஒமுர்பெக்கின் வலது கை முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டில் இருந்தது.

"வா தாலாய். பாத்தியா என் நிலைமையை? புத்தாண்டுக்கு முன்னாடி பனியில வழுக்கி விழுந்தேன். பொத்தான் போடக்கூடப் பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட வேண்டியிருக்கு. சூப் குடிச்சா பாதி சட்டைக்கு."

இந்தக் கையால் ஸ்குரூ மாட்ட முடியாது. கார்பனை ராவ முடியாது. தாலாய்பெக்கின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அந்த இடத்தில் உடனே வேறொரு பாரம் ஏறியது. இவன் இல்லையென்றால் யார்?

ஜீபார் சிறிய ஸ்குரூவின் அளவை விரலால் காட்டினாள். "இந்த மாதிரி ஸ்குரூ, கார்பன், எண்ணெய்... யாராவது வாங்கிட்டுப் போனாங்களா?"

"நேத்துதான். உன் வீட்டம்மாதான் தாலாய். ஏன், உனக்குத் தெரியாதா?"

தாலாய்பெக் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தான்.

"எனக்கே ஆச்சரியம்" என்றான் ஒமுர்பெக். "அவங்க மிஷின் கால்ல மிதிக்கிறது. அதுக்கு மோட்டாரே கிடையாது. கார்பன் எதுக்குன்னு கேட்டேன். நீங்க குடுங்கன்னாங்க. மொகம் நல்லால்ல, நானும் மேல கேக்கல. போறப்ப கைக்குட்டையைப் பிரிச்சு ஒண்ணு காட்டினாங்க. பொம்பளைங்க தலைக்கு மாட்டுற கிளிப். செவப்பு கலரு. அழுக்குல ஒட்டிக் கிடந்துச்சு. இது பஜார்ல எந்தக் கடையில விக்குது, எந்த மாதிரி பொம்பளை வாங்குவான்னு கேட்டாங்க. நான் என்னத்தைக் கண்டேன்."

வெளியே வந்ததும் ஜீபார் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டாள். முடியவில்லை.

"அண்ணே, உங்க வீட்டுல ரெண்டு துப்பறிவாளர் இருக்காங்க. அதுல ஒருத்தருக்குத்தான் மூளை வேலை செய்யுது."

"அவளா? காலையில அவ விரலெல்லாம் கறுத்திருந்துச்சு, அடுப்புக் கரின்னு விட்டுட்டேன். அவளே கழட்டினாளா?"

"பாத்தும் விட்டுட்டீங்களே. அது அடுப்புக் கரி இல்ல, கார்பன் தூள். நகம் ராவுற அரத்தால ராவியிருக்காங்க. டக்டக்னு இடிச்சது என்னன்னு உள்ள பாத்திருக்காங்க. உள்ள ஒரு பொம்பளையோட கிளிப். உங்க வண்டியில. இப்ப சொல்லுங்க, அது யாரோடது? என்னைப் பாக்காதீங்க. என் தலையில கிளிப் நிக்கிறதுக்கு முடி எங்க இருக்கு?"

"சத்தியமா எனக்குத் தெரியாது."

"இதையேதான் எல்லாப் புருஷனும் நம்ம ஆபீஸ்ல உக்காந்து சொல்றாங்க. நாமளும் நம்புறதில்ல."

அப்போதுதான் தாலாய்பெக்குக்கு வாசலருகே இருந்த பை நினைவுக்கு வந்தது. பெர்மெத்தின் பிறந்த வீடு கொச்கோரில். நாரினிலிருந்து அங்கே போக தொலோன் கணவாயைத் தாண்டவேண்டும். இந்தக் குளிரில் ஹீட்டர் இல்லாமல் அந்தக் கணவாயில் ஏறுகிறவர்கள் உயிரோடு விளையாடுகிறவர்கள். அவனுக்குக் குளிர்கிறதே என்று அவள் அந்த ஹீட்டரைச் சரிசெய்யவில்லை. அவனை விட்டுப் போவதற்காகச் சரிசெய்திருக்கிறாள்.

திரும்பும் வழியில் ஹீட்டரை யார் போட்டார்கள், யார் அணைத்தார்கள் என்று அவன் கவனிக்கவில்லை.

பெர்மெத் கோட்டு போட்டுக்கொண்டு, சால்வை கட்டிக்கொண்டு, மேசையருகே நின்றிருந்தாள். ஜீபாரோடு உள்ளே நுழைந்தவனிடம் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க. வண்டி வருமேன்னுதான் இவ்வளவு நேரம் காத்துக் கிடந்தேன்."

"பெர்மெத், உக்காரு."

"நேத்து ராத்திரி வந்தீங்க. ஏதாவது சொல்வீங்கன்னு பாத்தேன். காலையில டீ ஊத்தினேன். அப்பவாவது சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க ஹீட்டர் வேலை செய்யுதேன்னு வந்து கேக்குறீங்க. வண்டிக்குள்ள எதையோ தேடிட்டு இருந்தீங்களே, இதைத்தானே?"

கைக்குட்டையை மேசைமேல் பிரித்தாள். கம்பளித் துண்டுபோல் இறுகிப்போன ஒரு தூசிக் கட்டி. அதற்குள்ளிருந்து சிவப்பு கிளிப்பின் ஒரு முனை எட்டிப் பார்த்தது.

"யாரு அவ?"

குரல் உயரவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது. பொறாமை இவ்வளவு வலிக்கும் என்பது காலையிலிருந்து அவனுக்குத் தெரியும். அதே வலியை அவள் முகத்தில் பார்த்தபோது அவனுக்கு ஏனோ ஒரு பக்கம் இனித்தது. அதை வெளியே காட்டியிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும்.

"இதைத் தொட்டியா? பிரிச்சியா?"

"கிடைச்சதைக் கிடைச்சபடி வைக்கணும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறது நீங்கதானே. அப்படியே வெச்சிருக்கேன்."

தாலாய்பெக் ஜன்னல் வெளிச்சத்துக்கு அதைக் கொண்டுபோனான். ஒரு நிமிஷம் அவன் கணவன் இல்லை, துப்பறிவாளன். தூசிக் கட்டியை மெல்லத் திருப்பினான். மறுபடி திருப்பினான். நகத்தால் ஒரு சின்னப் பொருளைத் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய், பெருமூச்சு விட்டான்.

"ஜீபார், இதை முகர்ந்து பாரு."

"தூசி நாத்தம்ணே. அப்புறம்... ஆர்ச்சா மாதிரி."

ஆர்ச்சா மரத்தின் இலை ஊசி ஊசியாக இருக்கும். கண்ணேறு போகவும், கெட்டது அண்டாமல் இருக்கவும் அதைப் புகைத்துச் சுற்றாத வீடு நாரினில் இல்லை.

"பெர்மெத், இந்த வண்டி வாங்கினப்ப அம்மா ஆர்ச்சாப் புகை போட்டாங்களே, ஞாபகம் இருக்கா?"

"எனக்கா மறக்கும்? சட்டியைப் பிடிச்சுக்கிட்டு இருமினது நான்தானே."

"முன்பின் தெரியாத ஜப்பான்காரன் ஓட்டின வண்டி, மூலை முடுக்கெல்லாம் புகை போகணும்னு அம்மா காத்தாடியைப் போடச் சொன்னாங்க. போட்டோம். கிளையைக் கண்ணாடிக்கு அடியில இருக்கிற சல்லடை மேல வெச்சுத் தட்டினாங்க. இலையெல்லாம் உள்ள இழுத்துக்கிச்சு. வீடே இருமுச்சு. அம்மாவுக்கு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். அதுக்கப்புறம் என்னிக்காவது இந்த வண்டிக்குப் புகை போட்டோமா?"

"அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"இப்ப இங்க பாரு." அவன் கட்டியை அவள் பக்கம் நீட்டினான். "கீழ கிளிப். அதைச் சுத்தி தடியா தூசி. ஆர்ச்சா இலை அந்தத் தூசிக்கு மேல ஒட்டியிருக்கு. கிளிப்புக்கு அடியில ஒரு இலைகூட இல்ல. அப்போ முதல்ல வந்தது எது?"

பெர்மெத் குனிந்தாள். பொறாமையோடு பார்க்கும் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. அவளும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கிளிப்" என்றாள்.

"புகை போடுறதுக்கு ரொம்ப முன்னாடியே. பிஷ்கெக்ல வண்டியை வாங்கின இடத்துலேருந்து இந்த முற்றம் வரைக்கும் என் பக்கத்துல உக்காந்து வந்தவ நீ. வந்து இறங்கின கையோட புகை போட்டாச்சு. நடுவுல எவளும் ஏறல. இது ஜப்பான்ல எவளோ ஒருத்தியோடது. பெட்டிக்குப் பின்னால இடுக்குல விழுந்து, காத்தாடிக்கு அடியில இத்தனை வருஷம் கிடந்திருக்கு. போன வாரம்தான் நகர்ந்து வந்து காத்தாடியில இடிச்சிருக்கு."

பெர்மெத் கிளிப்பைத் தூசியிலிருந்து பிரித்தாள். துடைத்தாள்.  பிறகு சால்வையை அவிழ்த்தாள். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"அழகாத்தான் இருந்திருப்பா" என்றாள் எரிச்சலோடு.

"நான் பாத்ததில்ல."

"பாத்திருக்கவும் வேணாம்."

அவள் தேநீர் ஊற்றினாள். கிண்ணத்தின் அடியில் இரண்டே வாய். தாலாய்பெக்குக்குக் கண் கலங்கியது. ஜீபாருக்கும் இரண்டு வாய். அறை முழுக்க ஒரு நிம்மதி பரவியது. அங்கேயே அவன் வாயை மூடியிருக்கலாம். ஜெயித்த துப்பறிவாளன் எவன் வாயை மூடியிருக்கிறான்?

"எந்தக் கடையில விக்குதுன்னு பஜார்ல கேட்டியே, எந்தக் கடையிலயும் கிடைக்காது. ஏன்னா..."

பெர்மெத் தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் பஜார்ல கேட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தாலாய்பெக் கிண்ணத்தை எடுத்து இரண்டு வாயையும் ஒரே மூச்சில் குடித்தான்.

"ஒமுர்பெக் ஒருத்தர்கிட்டதான் கேட்டேன். இந்தக் குளிர்ல, காலங்காத்தால, ரெண்டு பேரும் ஒமுர்பெக் கடைக்கு எதுக்குப் போனீங்க?"

ஜீபார் எழுந்தாள். "அடுப்புல பால் வெச்சுட்டு வந்தேன்" என்றாள். அவள் வீட்டில் மாடும் இல்லை, பாலும் இல்லை. இரண்டு தொப்பிகளையும் மாட்டிக்கொண்டு அவள் வெளியேறிய வேகத்தில் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"ஹீட்டரை அவன் சரிபண்ணியிருப்பான்னு நினைச்சீங்க."

தாலாய்பெக் கிண்ணத்துக்குள் பார்த்தான்.

"நீங்க இல்லாதப்ப அவனை நான் வீட்டுக்குக் கூப்பிட்டிருப்பேன்னு நினைச்சீங்க. கை நிறைய கட்டோட இருக்கிறவனை. குளிர்ல படுத்து, விரல் விறைச்சு, ஒத்த ஸ்குரூவைப் பனியில தொலைச்சு, அழுதுக்கிட்டே நான் செஞ்ச வேலைக்கு அவன் பேரு."

"உன்னால முடியும்னு எனக்குத் தோணவே இல்ல பெர்மெத்."

இதை அவன் சமாதானமாகத்தான் சொன்னான்.

பெர்மெத் அவன் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினாள். கெண்டியைச் சாய்த்தாள். நிரம்பியது. விளிம்பைத் தொட்டது. தட்டில் வழிந்தது. அதை அவன் முன்னால் வைத்தாள்.

"வண்டி நல்லா சூடா இருக்கும். போய் அதுல உக்காருங்க."

போனான். வேறு என்ன செய்வது? சாவியைத் திருகினான். காற்றாடி சீராகச் சுற்றியது. முதல் வேகம், இரண்டாம் வேகம், மூன்றாம் வேகம் என்று போட்டுப் பார்த்தான். எதிலாவது ஒரு குறை கிடைக்குமா என்று காதைக் கொடுத்துக் கேட்டான். கிடைக்கவில்லை.

கண்ணாடியில் பனி உருகி வழி விட்டது. அதன் வழியே சமையலறை ஜன்னல் தெரிந்தது. பெர்மெத் சுவர்க்கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். முடியை அள்ளி முடிந்து, அந்தச் சிவப்பு கிளிப்பைச் செருகினாள். தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு அது அவ்வளவு அழகாக இருந்தது.

கோபமாக இருக்கிறாள், என்னைத்தான் வெளியே அனுப்பிவிட்டாளே என்று நினைத்தான் தாலாய்பெக். அப்புறம் யாருக்காக இந்த அலங்காரம்?

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கை இறுகியது. நாரினில் யார் யாருக்கு உயரம் அதிகம் என்று மனம் தானாகக் கணக்கெடுக்கத் தொடங்கியது. வாசற்கதவு திறந்ததும், அவள் பையைத் தூக்கிக்கொண்டு பனியில் காரை நோக்கி நடந்து வந்ததும் அவன் கண்ணில் படவே இல்லை. அவள் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, பின்னால் தள்ளியிருந்த இருக்கையைத் தன் அளவுக்கு முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"கொச்கோருக்கு விடுங்க. அம்மாவைப் பாத்துட்டு வரலாம், ரெண்டு பேரும். வழியில பேச வேணாம். என் ஹீட்டர் சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டு வாங்க."